சர்வர் அறையும் நனைந்த மழைக்கோட்டுகளும்

கண்டிக் குளிரில் சர்வர்களுக்கு ஒரே ஒரு ஏசி போதும் என்று நம்பியவன் நான். பல்லேகலயில் எங்கள் டேட்டா சென்டரை அப்படித்தான் வடிவமைத்தேன். ஒரு மழைநாள் மத்தியானம் அந்த ஏசி நின்றது. அறை கொதிக்க, நான் பைல் மட்டையால் சர்வருக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, அதுக்கு வேர்க்கல, உங்களுக்குத்தான் வேர்க்குது” என்று சிரித்தாள் என்னோடு வேலை செய்யும் பெண்.

ஏசி நின்றது தெரிந்ததும் கொழும்பிலிருந்து மேலாளர் போனில் கத்தினார்: “எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. அடுத்த கிழமை மெஷின் எல்லாம் கொழும்புக்கு வரட்டும்.”

மெஷின் போனால் எங்கள் வேலையும் போகும். ஆனாலும் என் வாய் அடங்கவில்லை.

“நிப்பாட்ட மாட்டேன் சேர். இங்க வச்சத இங்கயே ஓட்டிக் காட்டுறேன்.”

அவசரமில்லாத சர்வர்களை மட்டும் அணைத்துவிட்டு இருவரும் ஏசியைப் பார்க்க வெளியே ஓடினோம். மழை படாத தாழ்வாரத்தில் இருந்த ஏசியின் வெளிப்பெட்டி சூடான காற்றை ஊதும் என்பதால், எங்கள் எல்லோருடைய நனைந்த மழைக்கோட்டுகளும் அதன் மேல்தான் காய்ந்துகொண்டிருந்தன. காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி தானாகவே நின்றிருந்தது.

கோட்டுகளை உருவிவிட்டு ஏசியை மறுபடி போட்டதும் அது ஓடியது. அதற்குள் ஒரு சர்வர் செத்திருந்தது. மற்றவை இன்னும் பல்லேகலயில்தான் ஓடுகின்றன.