வெள்ளிக்கிழமை நாலரை மணிப் பணம்

என் அக்கா வீட்டுக்காரர் பூட்டு வேலை செய்பவர். இருபத்து மூன்று வருடத்தில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு அவர் மேலேயே எரிந்து விழுபவர்களிடமும் "ஒரு நிமிஷம் சார், திறந்துடலாம்" என்பார். அக்காவுக்கு இந்தப் பொறுமை ஆகவே ஆகாது. எனக்கும்தான். நான் வாடகை வேன் ஓட்டுபவன். கையில் காசு வாங்காமல் ஒரு மூட்டையையும் இறக்க விடமாட்டேன்.

மச்சானின் பொறுமையை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஒரு கணக்கு ஆபீஸ் மேனேஜர். நாங்கள் வைத்த பெயர் ஸ்கிரீன்ஷாட். நாலு வருடமாக எந்த வேலைக்கும் வெள்ளிக்கிழமைதான் பணம் அனுப்புவார், அதுவும் நாலரை மணிக்கு. நாலு மணி தாண்டினால் வங்கி அதைத் திங்கட்கிழமைதான் கையில் எடுக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அனுப்பியதற்குச் சாட்சியாகப் போனில் ஒரு படம் வரும். பணம் செவ்வாய்க்கிழமை வரும். நடுவில் நாலு நாள் அது எங்கே போகிறது? வழியில் லாட்ஜில் ரூம் போட்டுப் படுத்துக்கொள்கிறதா? வங்கியிலேயே போய்க் கேட்டேன். "ரெண்டு வேலை நாள் ஆகும்" என்ற அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

போன மாதம் மச்சானின் கடைக்கே ஆபத்து வந்தது. மாடிப்படிக்குக் கீழே, கையை நீட்டினால் இரண்டு பக்கமும் சுவர் இடிக்கும் கடை. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் புது அட்வான்ஸ் வராவிட்டால் செல்போன் கவர் விற்பவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் ஸ்கிரீன்ஷாட் ஆபீஸில் பதினொரு கதவுக்குப் புதுப் பூட்டு போடும் வேலை. அந்தப் பணம் வந்தால் அட்வான்ஸ் கட்டிவிடலாம். செவ்வாய்க்கிழமை வந்தால் நாக்கு வழிக்கவா?

மேனேஜர் யாரையும் நம்பாதவர். சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டுகளாகக் கேட்டிருந்தார். தன் அறைக்கும், அதற்குள் இருக்கும் தன் தனி டாய்லெட்டுக்கும்கூட.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்தது. சாமான்களை ஏற்றிப் போக நானும் வந்திருந்தேன். எங்களை வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். சரியாக நாலரைக்குப் போனை நீட்டியபடி வெளியே வந்தார். பின்னால் அவர் அறைக் கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. கார் சாவி உள்ளே மேசைமேல்.

"அனுப்பிட்டேன்பா. ஸ்கிரீன்ஷாட்டும் வந்திருக்கும். சாவியெல்லாம் குடு."

மச்சான் வளையத்தில் கோத்த சாவிகளை எடுத்தார். போனில் படம் பிடித்தார். திரும்பவும் கருவிப் பெட்டிக்குள் போட்டு மூடினார். மேனேஜரின் போன் சிணுங்கியது.

"அனுப்பிட்டேன் சார். ரெண்டு வேலை நாள்ல வந்துடும்."

குரல் அதே குரல்தான். நான் சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"விளையாடுறியா? என் கார் சாவி உள்ள கிடக்கு!"

"தெரியும் சார். என் பக்கம் கிளம்பிடுச்சு. உங்க பக்கம்தான் லேட்டு."

மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். மச்சான் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்போது வரவேற்பறைப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "சார், அதை ரத்து பண்ணிட்டு 'உடனடி'ன்னு இருக்கிற பட்டனை அழுத்துங்க. போன வாரம் உங்க வீட்டு ஏசிக்கு அதுலதானே அனுப்புனீங்க?"

அழுத்தினார். எட்டு நொடி. மச்சானின் போன் அடித்தது. நாலு வருடம் நாங்கள் காத்துக் கிடந்தது இந்த எட்டு நொடிக்கா என்று எனக்கு வயிறு எரிந்தது.

மச்சான் தொகையைப் பார்த்தார். ஒரு பேனா விலை குறைந்திருந்தது.

"அது பேங்க் கமிஷன்பா. அவசரம் உன்னுது, நீதானே குடுக்கணும்?"

"சரி சார்" என்ற மச்சான், கணக்கில் கிடந்த சில்லறையையும் சேர்த்து, அங்கேயே உட்கார்ந்து கட்டடக்காரருக்கு அதே உடனடியில் அட்வான்ஸை அனுப்பினார். "வந்துடுச்சு, கடை உனக்குத்தான்" என்று பதில் வந்ததும் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். பெட்டிக்குள் கொஞ்ச நேரம் துழாவிவிட்டு வளையத்தை மேனேஜரிடம் கொடுத்தார்.

அவர் அறையைத் திறந்தார், சாவிகளை எண்ணினார், திரும்பி வந்தார்.

"பத்துதானே இருக்கு? என் டாய்லெட் சாவி எங்க?"

"அது கமிஷன் இல்லாத வழியில வருது சார். செவ்வாய்க்கிழமை கைக்கு வந்துடும்."

படமும் அனுப்பி வைத்தார்.