சும்மா வந்துபோகும் பூனை

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் மோட்டார் போட்டேன், பால் பாக்கெட்டை எடுத்து வந்தேன், கூடத்தில் இருக்கும் மூன்று பூனைகளுக்கும் சாப்பாடு வைத்தேன். பின்கட்டுக் குளியலறையில் இருப்பவளுக்கு எப்போதும் கடைசியில்தான். அவளைத் தொட்ட கையோடு மற்றவற்றிடம் போகக் கூடாது.

வாடகை வீட்டைக் காலி செய்தவர்கள் பால்கனியில் விட்டுப்போன வெள்ளைப் பூனை அவள். ரத்தத்தில் லுக்கீமியா வைரஸ். மனிதர்களுக்கு வராது, ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டாலே இன்னொரு பூனைக்கு வந்துவிடும். குணமாகாது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற நாளையாவது குளியலறைக்கு வெளியே அவள் கழிக்க வேண்டும். அதற்கு வேறு பூனை இல்லாத வீடு வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் நோயின் பெயரைச் சொன்னதும் போனை வைத்தார்கள். பம்மலில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மனைவி மட்டும், "நோய்ல கிடக்கிறத யாராவது பாக்கணும்லக்கா, கொண்டாங்க" என்றார்.

அவளைக் கூடையில் வைத்தபின் குளியலறையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். மாதக்கணக்கில் வெளியே கிடந்த வாளியையும் மக்கையும் அதனுள் வைத்துவிட்டு ஆட்டோ ஏறினேன். தாம்பரம் தாண்டும்வரை அவள் கத்திக்கொண்டே வந்தாள்.

அந்த வீட்டு வாசலில், ஸ்கூட்டர் சீட்டின் மேல் சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று படுத்திருந்தது.

"இது யாரோடது?"

"இதுவா? எங்களது இல்லக்கா. சும்மா வந்துட்டுப் போவும்" என்றார் மனைவி.

"சாப்பாடு?"

"மீன் தலை போடுவேன். பால் வைப்பேன்."

"மத்தியானம் ஆனா ஃபேனுக்குக் கீழ என் இடத்துல படுத்துக்குவாரு. வாடகை குடுக்காத குடித்தனக்காரர்" என்றார் கணவர்.

"போன்ல கேட்டப்ப பூனை இல்லன்னீங்களே?"

"வளக்கிறீங்களான்னுதானே கேட்டீங்க? நாங்க எங்கக்கா வளக்கறோம்? அதுவா வளருது."

அவர் பொய் சொல்லவில்லை. கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"கதவ சாத்தி வெச்சிடலாம்" என்றார் கணவர்.

"ஜன்னல் வழியா வந்துடும். நாலு வருஷமா வருது, திடீர்னு எப்படிங்க வேணாங்கறது?" என்றவர் என்னிடம் திரும்பினார். "இந்தக் கடுவனுக்கு நோய் ஒட்டாம முன்னாடியே ஊசி எதுவும் போட முடியாதாக்கா?"

"இங்க கிடைக்கலன்னு டாக்டர் சொல்றாரு. கிடைச்சாலும் ரத்தம் பாத்துட்டுதான் போடணும். பிடிக்க விடுமா?"

"தொடவே விடாது."

கூடை இடுக்கில் அந்தப் பெண் விரலை விட்டார். வெள்ளைப் பூனை அதில் கன்னத்தைத் தேய்த்தது. அவர் விரலை எடுக்கவில்லை. நான்தான் கடைசியில் எழுந்துகொண்டேன். அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "கோச்சிக்காதீங்கக்கா" என்றார். கோபிக்க என்ன இருக்கிறது.

திரும்பும் வழியெல்லாம் அவள் கத்தவே இல்லை. குளியலறையில் கூடையைத் திறந்ததும், வாளிக்கும் சுவருக்கும் நடுவே போய்ப் படுத்துக்கொண்டாள். புதுக் கிண்ணத்தில் வைத்த மீன் அப்படியே இருந்தது. வேறு யாரைக் கேட்பது என்று யோசித்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை, மோட்டார்கூடப் போடாமல், முதல் வேலையாக வாளியையும் மக்கையும் எடுத்து மறுபடி வெளியே வைத்தேன்.