அப்டன் பார்க்கில் ஒரு துவக்குக்காரி

துவக்குச் சுடுறது எண்டால் முக்கால்வாசி நேரம் சுடாமல் நிக்கிற வேலைதான். வரிசையிலை நில், காதுமூடியைப் போடு, சுடலாம் எண்டு சொல்லும்வரை பொறு, சுட்டு முடிய எண்ணெய் போட்டுத் துடை. உண்மையாச் சுடுறது தேத்தண்ணி ஆறுற நேரம்கூட இல்லை.

உங்களிலை கனபேர் என்னைப் போலத்தான் இருப்பியள். நவம்பரிலை ஊரெல்லாம் வாணம் விட, குளியலறைக் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருக்கிற ஆக்கள். றோட்டிலை ரயர் வெடிச்சால் முதல் குனிஞ்சுபோட்டுப் பிறகு என்னெண்டு பாக்கிற ஆக்கள். மன்னாரிலை சண்டைக்குள்ளை சின்னனிலை பழகின பழக்கம், லண்டன் பாஸ்போட் கிடைச்சும் போகேல்லை. எனக்கு அதிலை வெக்கத்தைவிடக் கோவம்தான் கூட. ஆரோ எப்பவோ போட்ட சத்தத்துக்கு நான் இண்டைக்கும் ஏன் குனிய வேணும்? ஒருக்காலாவது குனியாமல் நிண்டு பாக்க வேணும் எண்டதுதான் என்ரை ஒரே ஆசை. அந்த நேரம் பாத்து, நான் வேலை செய்யிற மூக்குக்கண்ணாடிக் கடையிலை கூட வேலை செய்யிற ஒருத்தி, தங்கடை ரைபிள் கிளப்பிலை விருந்தினர் நாளாம், வாறியோ எண்டு கேட்டாள். யோசிக்காமல் ஓம் எண்டிட்டன்.

முதல் வெடி

கிளப் நகரத்து விளிம்பிலை, வயலுகளுக்குப் பக்கத்திலை. அங்கை சுடுற ரேஞ்சுக்குப் பொறுப்பு பிரையன் எண்ட வயசான வெள்ளைக்காரர். கிளப்பின்ரை சின்ன ரைபிள் ஒண்டைத் தந்தார். அதின்ரை சன்னம் பென்சிலை விடச் சின்னன். நான் அந்தோனியாரைக் கூப்பிட்டு, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடி, விசையை இழுத்தன். கண்ணைத் திறந்தால் என்ரை தாள் கழுவி வைச்ச கோப்பை மாதிரிச் சுத்தமா இருக்கு. பக்கத்து ஆளின்ரை தாளிலை நட்ட நடுவிலை ஓட்டை. பிரையன் தொலைநோக்கியாலை கனநேரம் பாத்திட்டு, குறி அருமை, தாள்தான் மாறிப்போச்சு எண்டார்.

வீட்டை வந்து என்ரை மனுசனுக்குச் சொன்னன், நான் நடு மையத்திலை வெடி வைச்சனான் எண்டு. எங்கடை பேச்சிலை வெடி எண்டால் துவக்கு வெடியும்தான், புளுகும்தான். அவர் ரீவியிலை இருந்து கண்ணை எடுக்கேல்லை.

"இஞ்சரும், சும்மா வெடி விடாதையும்."

ஞானம் அண்ணை

புது ஆளாக் கன மாசம் பழகி முடிய, சொந்தத் துவக்கு வாங்க லைசென்சுக்கு விண்ணப்பிச்சன். நான் ஒழுங்கான ஆள் எண்டு சொல்லுறதுக்கு வெளியாக்கள் ரெண்டு பேர் வேணும். ஒண்டு கண்ணாடிக் கடை முதலாளி. மற்றதுக்கு எங்கடை கோயில் பங்கிலை பாட்டுக்குழு நடத்துற ஞானம் அண்ணையை நினைச்சன். அப்டன் பார்க்கிலை எங்கடை கிறீன் ஸ்ட்ரீட் மீன்கடையிலை கண்டு, துவக்கு வாங்கப் போறன், எனக்காக எழுதித் தாங்கோ அண்ணை எண்டு சாதாரணமாத்தான் சொன்னன். அண்ணை நாலு பக்கமும் பாத்திட்டு என்னை அறுக்குளா மீன் பெட்டிக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போட்டார். துவக்குக்குப் பயந்து ஊரே இஞ்சை ஓடி வந்தது, நீ காசு குடுத்து வாங்கப் போறியோ, உனக்கென்ன விசரோ எண்டு பொரிஞ்சு தள்ளினார். தன்னாலை ஏலாது எண்டார்.

நான் உங்களுக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னன். இனிக் குனிய ஏலாதண்ணை, அதுதான். அவர் மீனை வாங்கிக்கொண்டு போட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலிலை தானா வந்து நிண்டார். தானும் வாணத்துக்குக் குளியலறைதானாம்.

"கொண்டா பிள்ளை, எழுதித் தாறன். எனக்கும் சேர்த்துச் சுடு."

திறப்பு எங்கை?

பிறகு பொலிசிலை இருந்து ஒரு ஒபிசர் வீட்டை வந்தார். படிக்கட்டுக்குக் கீழை சுவரிலை பூட்டின இரும்பு அலுமாரியை ஆட்டிப் பாத்தார். தானாச் சன்னம் ஏத்துற ரைபிள் என்னத்துக்கு எண்டு கேட்டார். கிளப்பிலை நேரம் பாத்து இரும்புத் தட்டு விழுத்துற போட்டிக்கு எண்டன். எல்லாம் நல்லாத்தான் போச்சுது. அலுமாரிப் பூட்டின்ரை திறப்பு எங்கை இருக்கெண்டு லைசென்ஸ்காரரைத் தவிர வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டது சட்டம். மனுசனுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லி வைச்சிருந்தனான். ஒபிசர் அவரைத் திரும்பிப் பாத்து, உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்க, இவர் நெஞ்சை நிமித்திக்கொண்டு, இந்த வீட்டிலை எனக்குத் தெரியாதது ஒண்டும் இல்லை எண்டிட்டார். பெண்சாதி ஒளிச்சு வைச்சது தனக்குத் தெரியாது எண்டு வெளியாளுக்கு முன்னாலை சொல்ல எந்த யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு வாய் வரும்?

எனக்கு உயிர் போட்டுது. எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். ஒபிசர் பேனையை வைச்சிட்டு, அப்ப எடுத்துக் காட்டுங்கோ எண்டார். இவர் மாதா சுரூபத்துக்குப் பின்னாலை பாத்தார். அரிசி வாளிக்குள்ளை கையை விட்டார். மிளகாய்த்தூள் போத்தலைக் கிளறித் தும்மினார். கடைசியாத் தன்ரை கோட்டுப் பொக்கற்றையே தடவிப் பாத்தார். ஒபிசர் வடை சாப்பிட்டுக்கொண்டு பொறுமையாப் பாத்திட்டு என்ரை பக்கம் திரும்பினார்.

"இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது."

கழுத்துக்குள்ளை

லைசென்ஸ் கிடைச்சு வாங்கின தானா ஏத்துற ரைபிள், ஒவ்வொரு வெடிக்கும் சுட்ட சன்னத்தின்ரை வெறுங்கோதைப் பக்கத்தாலை துப்பும். அது சுடச்சுட வரும். இது தெரியாமல் நான் கழுத்து அகலமான சுரிதார் போட்டுக்கொண்டு போனன். கோது ஒண்டு சுவரிலை பட்டுத் தெறிச்சு நேரை என்ரை கழுத்துக்குள்ளை. அம்மாடி, அந்த எரிவு! ஆனா குழல் இலக்குப் பக்கத்தை விட்டு விலகக்கூடாது, விலகினால் ஆரையும் பதம் பாத்திடும். பல்லைக் கடிச்சுக்கொண்டு விசையாலை விரலை எடுத்து, சன்னம் அடைச்ச மகசினைக் கழட்டி, உள்ளுக்கை வெறுமையோ எண்டு பாத்து, ரைபிளைப் பக்குவமாக் கீழை வைச்சன். அதுக்குப் பிறகுதான் எழும்பிக் குதிச்சன். எல்லாரும் சிரிச்சினம். பிரையன் மட்டும் சிரிக்கேல்லை.

"ஆட்டம் நல்லாத்தான் இருந்தது. ஆட முதல் நீங்கள் செய்ததுதான் துவக்குக்காரர் செய்யிறது."

தட்டு

இலையுதிர்காலப் போட்டிக்கு மனுசனையும் கூட்டிக்கொண்டு போனன். வரிசையா இரும்புத் தட்டு, ஒவ்வொண்டும் தேத்தண்ணிச் சோசர் அளவு. எல்லாத்தையும் கெதியா விழுத்துற ஆளுக்கு வெற்றி. வருசா வருசம் வெல்லுற கொலின், பெரிய தொலைநோக்கி பூட்டின ரைபிளோடை வந்து, டக்கு டக்கெண்டு விழுத்திப்போட்டுப் போய்த் தேத்தண்ணி ஊத்தினார். என்ரை ரைபிள் ஆரோ பாவிச்சு வித்தது. என்ரை முறையிலை பாதித் தட்டு விழுந்திட்டுது. அப்ப பக்கத்து வயலிலை காகம் கலைக்க வைச்சிருக்கிற காஸ் வெடி டமார் எண்டு வெடிச்சது. காதுமூடிக்குள்ளாலையும் நெஞ்சிலை இடிச்சது. நான் குனியேல்லை. கண்ணைக்கூட மூடேல்லை. மிச்சத் தட்டு ஒவ்வொண்டாச் சாய்ஞ்சுது.

பிரையன் மணிக்கூட்டைப் பாத்து என்ரை பேரைத்தான் முதல் சொன்னார். தேத்தண்ணி கொட்டின காற்சட்டையோடை கொலின் வந்து கை தந்தார். எனக்குச் சந்தோசத்திலை அழுகை வந்திட்டுது, மறைக்கேல்லை. வீடியோ எடுக்க இருத்தி வைச்ச மனுசனைத் திரும்பிப் பாத்தால், கதிரை வெறுமை. மேசைக்குக் கீழை, தின்னக் கொண்டுபோன றோல்ஸ் பெட்டியைக் கட்டிப் பிடிச்சபடி இருந்தார். சிரிப்பும் வந்தது, நெஞ்சும் உருகிப் போச்சு. கையைக் குடுத்தன். பிடிச்சுக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"இஞ்சரும், ஆர் வெண்டது?"

ஆகையாலை, வெடிச் சத்தத்துக்குக் குனியிற என்ரை சனத்துக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சத்தம் போடுற பக்கத்திலை போய் நில்லுங்கோ, அங்கைதான் காதுமூடி குடுக்கினம்.