மூலைவீட்டின் பன்னிரண்டு படங்கள்

பன்னிரண்டு படங்களையும் முன்கூட்டியே வரைந்து முடித்ததுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் சிறுவர் வார இதழின் ஓவியருக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதன் பிறகு இரண்டு மாதம் தூரிகையைத் தொடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நான் எழுதவிருந்த புதிய தொடரின் கதைச் சுருக்கத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் அத்தனை படங்களையும் வரைந்து தள்ளினார். அவை அச்சடிப்பதற்கான துத்தநாக பிளாக்குகளாகித் திரும்பி வந்து, அச்சுக்கோப்பவரின் மேசைக்கு அடியில் ஒரு மரப்பெட்டியில் இடம்பிடித்தன.

தொடரின் பெயர் ‘மூலைவீட்டுச் சூனியக்காரி’. பெயர் வைத்தவன் நான். எழுதும்போது என் மனத்தில் எந்த வீடும் இல்லை. ஓவியரின் மனத்திலும் இருந்திருக்காது. ஆனால் அவர் நாற்காலிக்கு எதிரே ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு எதிரே, தெருமுனையில், ஒரு வீடு இருந்தது.

மூன்றாவது இதழ் கடைக்குப் போன மறுநாள் காலை, அந்த வீட்டுப் பெண்மணி எங்கள் அலுவலகத்துக்குப் படியேறி வந்தார். கழுத்தில் அளவு நாடா. கையில் மூன்று இதழ்கள். தெருவில் பெரியவர்களுக்கு அவர் டெய்லர் அக்கா, பிள்ளைகளுக்கு டெய்லர் அத்தை. வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை. தனியாக இருந்தார்.

“இங்க யாரு எழுத்தாளர்?”

நான் எழுந்து நின்றேன்.

“உக்காருங்க, உக்காருங்க. பார்த்துச் சொல்லுங்க, எனக்கு என்ன வயசு இருக்கும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பித்த ஆண்பிள்ளை உலகத்தில் இல்லை. நான் மேசையைப் பார்த்தேன்.

“முப்பத்தொம்பது. இதுல பாருங்க, தொண்ணூறு! வாயில ரெண்டே பல்லு வெச்சிருக்கீங்க. மீதி முப்பதை யாருக்கு தானம் பண்ணினீங்க? கன்னத்துல இருந்த மச்சத்தை மூக்கு மேல ஏத்தியாச்சு. சரி, மச்சம்தானே, எங்கயோ போகட்டும். ஆனா இந்தக் கத்தரிக்கோல் என்னோடது, சார். கைப்பிடியில துணி சுத்தியிருக்கு பாருங்க. இந்தத் தெருவுல அப்படிக் கத்தரி வேற யாருகிட்ட இருக்கு?”

படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அசடு வழியும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குள் ஆசிரியர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா விஷயம்?”

“ஸ்கூல் திறக்க ஆறு வாரம் இருக்கு, ஐயா. இந்தத் தெருப் பிள்ளைங்க யூனிஃபார்ம் எல்லாம் என் மெஷின்லதான் வரும். இந்த ஆறு வாரம் தைக்கறதுதான் எனக்கு மத்த மாசத்துச் சோறு. நேத்து ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. வாசல்லயே விழுந்து புரண்டான். ‘உள்ள போனா என் வாயைத் தைச்சுடுவா’ன்னு கத்தறான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, சிரிச்சுட்டேன். அவ்வளவுதான், தெருக்கோடி வரைக்கும் ஓடிட்டான். இந்த வாரம் ஒரு பிள்ளைகூடப் படி ஏறல.”

வாயைத் தைக்கும் காட்சி மூன்றாவது வாரத்தில் நான் எழுதியது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்ட இடம்.

ஆசிரியர் நல்ல மனிதர். அவசரக்காரரும்கூட. “தொடரை இந்த வாரமே நிறுத்திடறோம்மா” என்றார்.

“ஐயோ, வேண்டாம்!” என்று பதறினார் டெய்லர் அக்கா. “இப்ப நிறுத்தினா என்ன ஆகும்? ‘பத்திரிகைக்காரங்களே பயந்துட்டாங்க, அப்ப அவ நிஜச் சூனியக்காரிதான்’னு முடிவாயிடும். அப்புறம் நான் வீட்டைக் காலி பண்ணிட்டுக் காட்டுக்குத்தான் போகணும்.”

அவர் சொன்னது சரி. வேறு ஓவியரை வைத்து முகத்தை மாற்றலாம் என்றால், ‘எங்க சூனியக்காரி எங்கே’ என்று கேட்டு வாசகப் பிள்ளைகள் கடிதம் போட்டே கொன்றுவிடுவார்கள். அதுவும் சந்தேகத்தைத்தான் வளர்க்கும். 

“மீதிப் படமெல்லாம் தயாரா இருக்கா? கொண்டாங்க பார்ப்போம்” என்றார் டெய்லர் அக்கா.

கீழே அச்சுக்கூடத்துக்குப் போனோம். இன்றைக்கும் அந்த மையின் வாசனை எங்காவது எதிர்ப்பட்டால் எனக்கு அந்த நாற்பது நிமிஷம்தான் ஞாபகம் வருகிறது. பிளாக்கில் முகம் இடவலம் மாறி இருக்கும், ஒன்றும் புரியாது. அதனால் அச்சுக்கோப்பவர் மீதி ஒன்பதுக்கும் மை தடவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் புரூஃப் எடுத்து, ஈரம் காயாமல் மேசையில் பரப்பினார். டெய்லர் அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துணிக்கடையில் ரகம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்.

“இதுல என்ன பண்றா?”

“பானையில விஷம் காய்ச்சறா” என்றேன் தயங்கி.

“துணிக்குச் சாயம் போடறா. சாயப் பானைன்னா அப்படித்தான் பொங்கும். இது?”

“துடைப்பத்துல ஏறிப் பறக்கத் தயாராகறா.”

“ஒட்டடை அடிக்கறா, சார். வீட்டுல உயரமான ஆள் இல்லன்னா துடைப்பத்தைத்தான் தூக்கணும். இந்தப் பூனையை நான் வளர்க்கல. எலி வந்தா துணியைக் கடிக்கும், எலிக்காக அது வருது. பையன் கையைப் பிடிச்சு முறுக்கறாளா? அளவெடுக்கறா. கையை இப்படித் தூக்கிப் பிடிச்சாதான் அக்குள் அளவு சரியா வரும்.”

அச்சுக்கோப்பவர் சிரிப்பை அடக்க முடியாமல் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். மை மீசை முழுக்க அப்பியது. டெய்லர் அக்காவும் சிரித்தார். இப்படிச் சிரித்துக்கொண்டே வந்தவர் எட்டாவது படத்தின் முன்னால் நின்றார். சிரிப்பு நின்றது.

படத்தில் அவள் நாடாவோடு நிற்கிறாள். எதிரே ஒரு காலி நாற்காலி. நாற்காலியைப் பார்த்து அவள் வாய் எதையோ முணுமுணுக்கிறது. ‘கண்ணுக்குத் தெரியாத பேயிடம் மந்திரம் ஓதுகிறாள்’ என்பது என் சுருக்கத்தில் இருந்த வரி.

“இதை உங்க ஓவியர் பார்த்துத்தான் வரைஞ்சிருக்கார்” என்றார் மெல்ல.

அச்சுக்கோப்பவர் துணியைக் கீழே வைத்தார்.

“எங்க வீட்டுக்காரரும் டெய்லர்தான். இந்தக் கத்தரி அவரோடது. நான் அளவெடுத்துச் சொல்லுவேன், அவர் அந்த நாற்காலியில உக்காந்து நோட்டுல எழுதுவார். நான் ‘இருபத்தாறு’ம்பேன், அவர் ‘இருபத்தாறு’ம்பார். திருப்பிச் சொன்னாதான் தப்பு வராது. அவர் போய் ஏழு வருஷம் ஆச்சு. இப்ப நானே சொல்லி நானே எழுதிக்கறேன். ஆனா சொல்லாம எழுத வரலை. நாற்காலியைப் பார்த்துச் சொல்லிட்டுத்தான் எழுத வருது. அதைப் போய்…”

நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, சுற்றி, மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

அன்று பிற்பகல் நான் வேலையைப் போட்டுவிட்டு, எங்கள் இதழின் பழைய தொகுப்புகளை இறக்கிவைத்துப் புரட்டினேன். குற்ற உணர்ச்சி பாதி, தொழில் அரிப்பு பாதி. பதினெட்டு வருஷத்தில் இருபத்தேழு சூனியக்காரிகள் வந்திருந்தார்கள். ஒருத்திக்குக்கூடப் புருஷன் இல்லை. இருபத்தேழு பேரும் தனியாக இருந்தார்கள், தாங்களே சமைத்துக்கொண்டார்கள், விளக்கை இஷ்டத்துக்கு எரியவிட்டார்கள். முக்கியமாக, எல்லாருக்கும் சொந்த வீடு இருந்தது. அவள் எப்படித் தனியானாள் என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை. அவர்களில் நான்கு பேரை எழுதியவன் நானே.

மறுநாள் டெய்லர் அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். கடை காலியாக இருந்தது. ஒரு பழைய திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவர், மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

“சொந்த வீடா?”

“ஆமா. இருபத்தேழு பேருக்கும்.”

“அப்படின்னா முதல் கதையைக் கட்டினவன் அவ கொழுந்தனாத்தான் இருக்கணும். வீடு அவனுக்குத்தானே வேணும்.”

மெஷின் கடகடவென்று ஓடியது. கொழுந்தன் யாராவது உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

“படம் அப்படியே இருக்கட்டும். கதையை மாத்தி எழுதறேன்” என்றேன். “ஆனா வரிசையா போனா எட்டாவது படம் வர அஞ்சு வாரம் ஆகும். அதுக்குள்ள உங்க சீசன் முடிஞ்சுடும். அதை அடுத்த வாரமே போட்டுடலாமா?”

அவர் கால் மெஷினின் மிதியிலிருந்து எழுந்தது.

“நாற்காலியையா?”

“ஆமா.”

வெகுநேரம் ஊசியில் நூல் கோத்தார். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

“பிள்ளைங்களுக்குப் புரியுமா?”

“புரியும்.”

“பெரியவங்களுக்கே புரியல. அவர் போய் ஒரு வருஷம் ஆன பிறகும் அந்த நாற்காலியை எடுத்துடுன்னுதான் சொன்னாங்க, சொந்தக்காரங்க எல்லாரும்.” பிறகு சொன்னார்: “சரி, எழுதுங்க. ஆனா ரொம்ப நல்லவளா ஆக்கிடாதீங்க. கொஞ்சம் பயம் இருக்கணும். அப்பதான் அளவெடுக்கறப்ப பிள்ளைங்க ஆடாம நிக்கும்.”

நான்காவது வாரக் கதையை அன்றே எழுதினேன். அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் ஜன்னல் வழியாகச் சூனியக்காரியை வேவு பார்க்கிறார்கள். அவள் காலி நாற்காலியிடம் மந்திரம் சொல்கிறாள்: பன்னிரண்டு, இருபத்தாறு, இருபத்துமூன்று, ஏழு. எதிர்மந்திரம் கண்டுபிடிக்கலாம் என்று அதைத் தாளில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள். அம்மா தாளை வாங்கிப் பார்த்துத் தம்பியிடம் திரும்புகிறாள். ‘இது உன் சட்டை அளவாச்சே, தோள் பன்னிரண்டு, மார்பு இருபத்தாறு’ என்கிறாள். அப்படியானால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தார்கள்? அந்தக் கேள்வியோடு அந்த வாரம் முடிந்தது. பதிலை எழுதவில்லை.

இதழ் வெளிவந்த முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஓவியர் ஒரு கண்ணில் கட்டோடு அலுவலகம் வந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “ஒத்தைக் கண்ணாலகூட அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்” என்றார். மூன்றாம் நாள் தெருவில் பிள்ளைகள் நொண்டி விளையாடும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணாமல், பன்னிரண்டு, இருபத்தாறு, இருபத்துமூன்று, ஏழு என்று கத்திக்கொண்டு குதித்தார்கள்.  கேலியா, விளையாட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான்காம் நாள் சட்டையில் இருந்த ஒரு நல்ல பட்டனை நானே பிய்த்துக்கொண்டு, அதைத் தைக்கிற சாக்கில் மூலைவீட்டுக்குப் போனேன்.

“பட்டனைப் பிய்க்கத் தெரியல உங்களுக்கு. துணியும் சேர்ந்து வந்திருக்கு பாருங்க” என்று டெய்லர் அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. விழுந்து புரண்ட அந்தப் பையன். பின்னால் அவன் அம்மா. பக்கத்தில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு, காவலுக்கு வந்தவள்போல அவன் அக்கா. பத்து வயது இருக்கும்.

“வா, உள்ள வா” என்றார் டெய்லர் அக்கா.

பையன் அம்மாவைப் பார்த்தான். அவன் அக்கா முதலில் படியேறினாள். அறை முழுக்கப் பார்த்தாள். துடைப்பம், சாயப் பானை, மெஷின் அடியில் தூங்கும் பூனை, சுவரோரம் நாற்காலி, அதன் மேல் நோட்டு, நோட்டின் மேல் பென்சில்.

“அதே நாற்காலிதான்டா” என்று தம்பியிடம் சொன்னாள். பயமும் பெருமையும் சரிபாதி.

டெய்லர் அக்கா பையனைத் திருப்பி நிறுத்தினார். அவன் மரம்போல் நின்றான், மூச்சுக்கூட விடவில்லை. கொஞ்சம் பயம் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது என் ஞாபகத்துக்கு வந்தது. நாடா தோளில் விழுந்தது.

“பதினொண்ணு” என்றார் நாற்காலியைப் பார்த்து. நாங்கள் இருப்பது அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்தச் சிறுமி நாற்காலியிடம் போனாள். நோட்டை எடுத்தாள்.

“அத்தை, இதுல யாராவது இருக்காங்களா?”

கடையில் பூனை மட்டும் அசைந்தது.

“இல்லம்மா. இப்ப இல்ல.”

“அப்ப நான் உக்காந்து எழுதட்டுமா?”

பெண்ணின் அம்மா, “ஏய், சும்மா இருடி” என்றாள்.  டெய்லர் அக்காவின் தலை லேசாக அசைந்தது. சிறுமி ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

“பதினொண்ணு” என்று உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதினாள். “எழுதியாச்சு. அடுத்தது?”

நாடா பையனின் மார்பைச் சுற்றியிருந்தது. டெய்லர் அக்கா எண்ணைப் பார்த்தார், வாய் திறந்தார். நாடா கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“என்ன அத்தை, எவ்வளவு?”

“இரு” என்றார், குனிந்து நாடாவைத் தேடிக்கொண்டே. நாடா காலடியிலேயேதான் கிடந்தது. “இரும்மா. திரும்ப அளக்கணும்.”