குமியூவில் ஒரு லிட்டர் மார்ச் பியர்

இந்தப் பயணத்துக்கு நான் கிளம்பியது பொறாமையால்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியரைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நடுவில் உள்ள பத்திகளுக்கு நேராகப் போய்விடலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

நானும் நிலானியும் ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு வருடம் சேர்ந்து இருந்தோம். நான் திருச்சிக்காரி, வீட்டிலிருந்தே கணினி வேலை. அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் ஆக்லாந்து வந்தவள்; மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. வாடகை ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிய இருந்தது. புதுப்பிக்கலாமா என்று பிப்ரவரியிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்வதாக அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த யோசனைக்கு ஒரு பெயர் இருந்தது: உல்ரிகே. நிலானியோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரி. அலுவலகத்துக்குப் பக்கத்தில், மங்கரே பிரிட்ஜ் என்ற பகுதியில் அவளுக்கு வீடு, அந்த வீட்டில் ஓர் அறை காலி. இந்த இரண்டு செய்திகளும் வெவ்வேறு நாட்களில் பேச்சுவாக்கில் என் காதில் விழுந்தன. சேர்த்துப் பார்க்க எனக்கு வெகு நேரம் ஆகவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே உல்ரிகேதான். உல்ரிகே சொன்ன ரொட்டி, உல்ரிகே சொன்ன மலைப்பாதை, கடைசியாக உல்ரிகே சொன்ன பியர் விழா. மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, நகரத்துக்கு வெளியே குமியூவில், ஒரு சின்ன பியர் ஆலையின் தோட்டத்தில். அன்று காலை வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டே நிலானி என்னைப் பார்த்து, "நீரும் வாருமன்" என்றாள். கடைசி நிமிடத்தில் நினைவுக்கு வந்த அழைப்பு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வருகிறேன் என்றேன்.

எப்படிப் போவது: கிளென்ஃபீல்டிலிருந்து குமியூ காரில் அரை மணி நேரம்கூட இல்லை. உல்ரிகே வேலை முடிந்து நிலானியை ஏற்றிக்கொண்டு வருவாள், வழியில் என்னையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னாளாம். வேண்டாம், எனக்குப் பேருந்துப் பயணம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். கான்ஸ்டலேஷன் நிலையம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து வெஸ்ட்கேட், அங்கிருந்து குமியூ. மூன்று பேருந்துகளும் காத்திருப்புமாக ஒன்றே முக்கால் மணி நேரம். சனிக்கிழமைகளில் மூன்றாவது பேருந்து தவறினால் அடுத்தது வரும்வரை வெஸ்ட்கேட் கடைகளின் கண்ணாடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிலானியிடமிருந்து ஒரு படம் வந்தது. காருக்குள் இரண்டு பேர், ஆளுக்கொரு ஐஸ்கிரீம். நிலானிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் அவளுக்காக நானும் ஓட்ஸ் பால் டீதான் குடித்தேன், இரண்டு வருடமாக. இதுகூடத் தெரியாத தோழி என்ன தோழி என்று அடுத்த பேருந்து முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். அது பால் சேர்க்காத மாம்பழ ஐஸ் என்றும், அதற்காகவே உல்ரிகே இரண்டு கடை ஏறி இறங்கினாள் என்றும் பிறகு தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

நுழைவுக்கு இருபத்தைந்து டாலர். வயதைக் காட்ட அடையாள அட்டை கேட்கிறார்கள், நாற்பது வயதுக்காரர்களிடமும் கேட்கிறார்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லாது, பாஸ்போர்ட் கொண்டுபோங்கள். எனக்கு முன்னால் நின்ற ஹைதராபாத் தம்பதி அதைத் தெரியாமல் வந்து, குமியூவின் திராட்சைத் தோட்டங்களைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். குவளைக்கு முன்பணம் பத்து டாலர். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். வீட்டுக்கு எடுத்துப் போனாலும் யாரும் கேட்பதில்லை.

இனி பியர். இதன் பெயர் மெர்ட்சன், அதாவது மார்ச் பியர். குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் பவேரியாவில் கோடைக்காலத்தில் பியர் காய்ச்சத் தடை இருந்தது. வெயிலில் புளித்துக் கெட்டுவிடும். அதனால் தடைக்காலம் தொடங்கும் முன், மார்ச்சில், சற்றுத் திடமாகக் காய்ச்சிப் பீப்பாய்களில் நிரப்பி நிலவறைகளில் வைப்பார்கள். நிலவறைக்கு மேலே நிழலுக்காகப் பெரிய இலை மரங்களை நடுவார்கள். அந்த நிழலில் மேசை போட்டு உட்கார்ந்ததுதான் இன்று உலகமெங்கும் பியர் தோட்டம் என்று ஆகியிருக்கிறது. குளிரில் மெதுவாகப் பதமாவதால் பியர் தெளிந்துபோகும். செப்டம்பர் கடைசியில் புது பியருக்குப் பீப்பாய் தேவைப்படும். பழையதைக் குடித்துத் தீர்த்தாக வேண்டும். குடித்துத் தீர்ப்பதற்கு ஒரு திருவிழா. காலியான பாத்திரத்துக்காக ஒரு விழாவா என்று முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தால், புது அரிசி வந்ததற்குப் பானை வைத்துக் கொண்டாடுகிறவர்கள் நாம்.

குமியூவில் எனக்குப் பொறாமையாக இருந்த இன்னொரு விஷயம் இது. இங்கே செப்டம்பர் என்பது வசந்தம், மார்ச் என்பது இலையுதிர்காலம். மற்ற இடங்களில் நாட்காட்டியைப் பார்த்து அக்டோபரில் விழா வைக்கிறார்கள். இந்த ஆலைக்காரர்கள் நிலத்தைப் பார்த்து வைக்கிறார்கள்: செப்டம்பரில் காய்ச்சி, ஆறு மாதம் குளிரில் வைத்து, மார்ச்சில் திறக்கிறார்கள். மார்ச் பியரை மார்ச்சிலேயே குடிக்கிறோம், தலைகீழாகச் சுற்றி வந்து. நாம் ஆக்லாந்தில் நடுக்கோடை வெயிலில், வாடகை மண்டபத்தில், தீ எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்று பயந்துகொண்டு மின் அடுப்பில் பொங்கல் வைக்கிறோம். மாற்றி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். சொல்லப்போவது நானில்லை.

நுழைவாயிலுக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு தாயும் மகளும் ஆளுக்கொரு அரை லிட்டர் வைத்துக்கொண்டு யாரையோ பற்றி வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அம்மா வாட்ஸாப்பில் அழைத்தார். தோழியோடு வெளியே வந்திருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று அனுப்பினேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நீள மேசையின் ஓரத்தில் நிலானியும் உல்ரிகேயும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நிலானி முன்னால் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை, செம்பு நிறத்தில், முக்கால்வாசி நிறைந்து. கார் ஓட்ட வேண்டும் என்பதால் உல்ரிகே முன்னால் சோடா கலந்த ஆப்பிள் சாறு. எனக்குக் கை கொடுத்துவிட்டு, பேச்சின் நடுவே உல்ரிகே நிலானியின் குவளையைக் கேட்காமல் எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். திருப்பி வைத்தாள். நிலானி அதே இடத்தில் வாய் வைத்து ஒரு வாய் குடித்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. மூன்று பேருந்துகளில் சேர்த்து வைத்த பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

வரிசை நீளமாக இருந்தது. ஒரு லிட்டர் எங்கள் இரண்டு பேருக்கும் போதும் என்று சொல்லி நிலானி குவளையை என் பக்கம் தள்ளினாள். நான் அதை இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கி, உதட்டில் படாமல் உயர்த்தி, பழக்கப்படி அண்ணாந்தேன். ஒரு கிலோவுக்கும் மேல் கனக்கும் கண்ணாடி, அகன்ற வாய், மேலே இன்னும் அடங்காத நுரை. முதலில் நுரை மூக்குக்குள் போனது. பிறகு பியர் முகத்தில், கழுத்தில், சட்டைக்குள். பக்கத்து மேசை கைதட்டியது. இது இந்திய முறையா என்று உல்ரிகே உண்மையான அக்கறையோடு கேட்டுவிட்டு, துடைக்கத் தாள் எடுத்து வர எழுந்து ஓடினாள்.

"இது அண்ணாந்து குடிக்கிற சாமானே?" என்றாள் நிலானி. சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "வீட்டிலயும் நீர் இப்பிடித்தான். என்ர போத்தலில ஒருநாளும் வாய் வைச்சதில்லை."

"உனக்கு எச்சிலாயிடக் கூடாதுன்னுதான். எங்க ஊர்ல அது மரியாதைப்பா."

"எங்கட ஊரிலயும் மரியாதைதான். விருந்தாளிக்கு." அவள் குவளையின் காதைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு வருஷம் ஒரு வீட்டில இருக்கிறம். எனக்கேன் மரியாதை?"

அன்று முழுவதும் கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "அவ வீட்டுக்குப் போறியா?"

"ஓம். மே மாசம். அஞ்சு மணி ஷிஃப்டுக்கு மூண்டு மணிக்கு எழும்பி ஓட இனி ஏலாது."

"ஷிஃப்டுக்காகவா, அவளுக்காகவா?"

நிலானி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. "ரெண்டுக்கும்தான்" என்றாள்.

நான் குவளையை எடுத்தேன். விளிம்பில் அவள் உதட்டுச்சாயம் லேசாகப் பட்டிருந்தது. அந்த இடத்தைத் தேடவும் இல்லை, தவிர்க்கவும் இல்லை. வாய் வைத்துக் குடித்தேன். அப்போதுதான் அந்த பியரின் சுவையே எனக்குத் தெரிந்தது: நன்றாகச் சுட்ட ரொட்டியின் ஓரம் மாதிரி, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிய சர்க்கரைப் பாகு மாதிரி, கடைசியில் நாக்கில் ஒரு சின்னக் கசப்பு. இனிப்பாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்களும் கசப்பாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்களும் ஒரே அளவு ஏமாறுவார்கள். நல்ல பியர். உல்ரிகேயின் தேர்வு என்பதால் எனக்கு அதை ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் ஆனது.

உல்ரிகே தாள்களோடு எனக்கென்று ஓர் அரை லிட்டரும் முறுக்கிச் சுட்ட ஒரு பெரிய ப்ரெட்ஸல் ரொட்டியும் கொண்டு வந்தாள். குவளைகளை இடிக்கும்போது விளிம்பைத் தொடக் கூடாது, அடிப்பாகத்தை இடிக்க வேண்டும். இடிக்கும் ஆளின் கண்ணைப் பார்க்க வேண்டும், ஒவ்வொருவரையும் தனித்தனியாக. பார்க்காவிட்டால் ஏழு வருடம் கெட்ட காலமாம். இதெல்லாம் நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். நிலானியைப் பார்த்தேன். உல்ரிகேயோடு இடிக்கும்போது என் கண் தானாகக் குவளைக்குப் போனது. "அது செல்லாது, மறுபடியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மறுபடியும் இடித்தேன். அவள் முகத்தில் வெற்றியின் சாயல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

திரும்பும்போது அவர்கள் காரிலேயே வந்தேன். இருபத்தெட்டு நிமிடம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மதியம் ஒரு மணிக்கு முன் போய்விடுங்கள், நிழல் மேசை கிடைக்கும். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். சைவம் என்றால் ப்ரெட்ஸலும் உருளைக்கிழங்கு அப்பமும் மட்டும்தான். கார் ஓட்டுகிறவரை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மாற்றுச் சட்டை ஒன்று கொண்டுபோங்கள். லிட்டர் குவளையைத் தனியாகக் குடிக்க முயலாதீர்கள்; பாதிக்கு மேல் சூடேறிச் சுவை போய்விடும். அது இரண்டு பேருக்கான அளவு. யாரோடு என்பதை யோசித்து வாங்குங்கள்.

இன்னொரு வழித்தடமும் இப்போது எனக்குத் தெரியும். கிளென்ஃபீல்டிலிருந்து நகர மையத்துக்கு ஒரு பேருந்து, அங்கே மாறி ஒனஹங்கா. அங்கிருந்து பேருந்துக்குக் காத்திருக்காமல் கடலுக்கு மேலே நடைபாலத்தில் நடந்தால் மங்கரே பிரிட்ஜ். பாலத்தில் மீன் பிடிக்கிறவர்கள் வாளிகளோடு நிற்பார்கள், காற்று பலமாக இருக்கும், தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை அப்படித்தான் போனேன்.

விழாவில் வாங்கிய குவளை நிலானியும் உல்ரிகேயும் இருக்கும் வீட்டின் சமையலறையில், ஜன்னல் ஓரத்தில் இருந்தது. கிளென்ஃபீல்டு வீட்டில் அது இருந்திருக்க வேண்டிய இடத்தையும் நான் மனதில் பார்த்துக்கொண்டேன். தாகமாக இருக்கிறது என்றேன். நிலானி அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டு அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கினாள், என்னை ஒரு முறை பார்த்தாள், இரண்டு கையாலும் உயரத் தூக்கி அண்ணாந்தாள். மூக்கு, கழுத்து, சட்டை, தரை எல்லாம் தண்ணீர்.

நாங்கள் இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உல்ரிகே வாசலில் நின்று, என்ன, என்ன என்று கேட்டாள். நாங்கள் இருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.