விடிந்த பிறகு அழுத ரதி

அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைக்கும்போது, பழைய மஞ்சளும் எண்ணெய்ச் சிக்கும் கலந்தாற்போல ஒரு வாசனை எழும். மாசி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் 'லயத்து'க் கடைசிக் 'காம்பரா'வில் அடுப்புப் புகையையும் மீறி அந்த வாசனைதான் நிற்கும். லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு; காம்பரா என்றால் அதில் ஒரே அறை; சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அதற்குள்தான். அதன் வாசற்படியில் குந்தி, கைக்கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, என் அப்பா ரதியாக மாறுவார்.

அப்பா இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 'கவ்வாத்து' வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடியின் தலையை வெட்டிச் சாய்க்கிற வேலை அது. கை முழுக்கக் கீறல் விழுந்து மரப்பட்டை மாதிரி ஆகிவிடும். அந்தக் கையில் அம்மாவின் கண்ணாடி வளையல் ஏறாது. சவுக்காரம் தடவி அம்மாதான் ஒவ்வொன்றாக ஏற்றிவிடுவாள். இரண்டு உடைந்தால்தான் ஒன்று ஏறும்.

காமன் கூத்தில் ரதி வேஷம் ஆண்பிள்ளைதான் கட்ட வேண்டும். அப்பா அதை ஆசைக்குக் கட்டவில்லை. எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போகவே, நாலாவதாவது நிலைக்கட்டும் என்று காமன் கம்பத்தின் முன்னால் விழுந்து கிடந்து, பிள்ளைக்குப் பன்னிரண்டு நிறையும்வரை வருஷம் தவறாமல் ரதி கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டவர். நான் பிறந்தேன், நின்றேன். அதனால் அவர் முடி வெட்டவில்லை. பின்னி முடிந்த கொண்டையோடுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற 'பெரட்டு'க்குப் போய்க் கங்காணி முன்னால் நிற்பார். தன் தாயே வந்து பிறந்தாள் என்று என்னை 'ஆத்தா' என்றே கூப்பிடுவார். நாகம்மா என்ற என் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை.

அப்போதெல்லாம் தோட்டத்துச் சனத்துக்குப் பொழுதுபோக்கு என்று வேறு என்ன இருந்தது? தேர் ஒரு நாள், தீபாவளி ஒரு நாள். மற்றபடி மாசியில் பொட்டலில் கம்பம் ஊன்றினால், பதினைந்து நாளும் தப்புச் சத்தம் மலைக்கு மலை கேட்கும். கடைசி இரவு விடிய விடிய ஆட்டம். விடிகிற நேரம் சிவன் கண்ணைத் திறக்க மன்மதன் எரிந்துபோவான். பொழுது வெளுத்த பிறகு, எரிந்த சாம்பலைச் சுற்றிச் சுற்றி ரதி அழுவாள். அந்த அழுகைக்கு அழாத பெண்பிள்ளை எங்கள் லயத்தில் கிடையாது. அதை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது கட்டு. "காமனுக்கு அழுது முடிக்காம எந்திரிச்சா, அந்த அழுகை வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது வந்து உட்காருவதானால் யார் மேல் உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு கங்காணி வீட்டுக்கு ரேடியோப் பெட்டி வந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் அந்த வேலியோரமாக நின்று பாட்டுக் கேட்டார்கள். ஹட்டனில் படக் கொட்டகைக்குப் போய்வந்தவர்கள் மாதக்கணக்கில் அந்தக் கதையையே பேசினார்கள். எனக்குப் பன்னிரண்டு நிறைகிற வருஷம், அப்பாவுக்கு அது கடைசி ரதி. காமன் எரிகிற அதே சனிக்கிழமை இரவு, புதுப்படம் பார்க்க இளவட்டங்கள் தோட்டத்து லாரியைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, என்னையும் கூட்டிப்போகிறேன் என்றாள். அம்மா கூடாது என்று சண்டை பிடித்தாள். பிள்ளைக்காக நேர்ந்த கூத்து, பிள்ளை இல்லாமலா என்றாள். அப்பாதான் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னார்.

"போயிட்டு வரட்டும் விடு. ஆத்தா, அங்க பொம்பளைங்களே பொம்பள வேசம் கட்டுறாங்களாம்ல. எப்புடி அழுவுறாங்கன்னு பாத்து வச்சுக்கிட்டு வந்து எனக்குச் சொல்லு, என்ன?"

படம் பார்த்தேன். என் காம்பரா அளவுக்கு ஒரு பெண்ணின் முகம் நின்று அழுதது. கண்ணீர் உருண்டது, மை கரையவில்லை. மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது வழியில் பனிமூட்டம் மூடி லாரி நகர முடியாமல் நின்றுவிட்டது. நாங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது.

பொட்டலில் தூறல். பத்துப் பதினைந்து கிழடுகளும் அம்மாவும்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா. அம்மாவின் கல்யாணச் சீலை சேற்றில் இழுபட, நனைந்த சாம்பலைச் சுற்றி மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அரிதாரம் கோடு கோடாக வழிந்தது. ராத்திரி வழித்த முகத்தில் மயிர் அரும்பியிருந்தது. இத்தனை வருஷமும் நான் ரதியைத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் அங்கே ஓர் ஆம்பிளை நிற்பது தெரிந்தது.

லாரியிலிருந்து குதித்த சன்னாசி, பக்கத்துக் காம்பராக்காரன், எப்போதும் அப்பாவிடம் கேலி பேசுகிறவன், உரக்கச் சொன்னான்.

"என்ன மாமா, அங்க ஒருத்தி அழுதா பாருங்க, மொகம் கண்ணாடி மாதிரி. நம்ம ரதிக்கு என்னான்னா விடியிறதுக்குள்ள தாடி மொளைச்சிருச்சே."

லாரியே சிரித்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். எல்லாரும் ஓய்ந்த பிறகும் என் சிரிப்பு நிற்கவில்லை.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான். பாட்டு நிற்கவில்லை, ஒரு சொல் தடுமாறவில்லை. தூறலில் தப்புத்தோல் தொய்ந்து மேளக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வந்தவர்கள் பல் விளக்கப் போய்விட்டார்கள். தாளமும் கூட்டமும் இல்லாமல் அவர் தனியாக அழுதுகொண்டேயிருந்தார். நான் காம்பராவுக்குள் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் இப்போது நிறுத்திவிடுவார், இதோ நிறுத்திவிடுவார் என்று பயந்துபோய்க் கிடந்தேன். என் உயிர் அந்தக் குரலில்தான் தொங்குகிறது என்பது சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெயில் கொழுந்து அரைக்கிற 'ஸ்டோரு'க் கூரையில் ஏறும்வரை அந்தக் குரல் கேட்டது. முழுசாக முடித்துவிட்டுத்தான் வந்தார்.

வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து, கவ்வாத்துக் கத்தியை எடுத்து, பன்னிரண்டு வருஷத்துக் கொண்டையைப் பிடித்து அறுத்தார். பிறகு சீலையை அவிழ்த்து என் பக்கம் நீட்டினார்.

"நாகம்மா, இத அலசிக் காயப் போடு."

அதற்குப் பிறகு அவர் என்னை ஏசியதில்லை, கைநீட்டியதில்லை. வைத்த குறை என்று ஒன்றுமில்லாமல் கட்டிக்கொடுத்தார். ஆனால் ஆத்தா என்று கூப்பிடவில்லை. படத்தில் எப்படி அழுதார்கள் என்று கேட்கவுமில்லை. அடுத்த மாசியில் ரதி கட்ட ஆள் கிடைக்கவில்லை; இரண்டொரு வருஷம் சும்மா கம்பம் ஊன்றினார்கள், பிறகு அதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒலிபெருக்கி கட்டிப் படப்பாட்டுப் போட்டார்கள்.

தோட்டத்துச் சனத்தில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரு நாட்டு ஒப்பந்தப் பேச்சு லயம் லயமாக அடிபட்டுக்கொண்டிருந்த வருஷம், அப்பா நெஞ்சுச் சளியில் கிடந்து செத்தார். தன்னை எந்த நாட்டில் எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமலேயே போனார். லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நான் வாயைத் திறந்தேன். ரதியின் பாட்டுத்தான் வந்தது. கூத்து வாத்தியார் பதறிப்போய் வந்தார்.

"அது புருசனுக்கு அழுவுற பாட்டு தாயி. தகப்பனுக்கு ஆகாது, நிறுத்திரு."

தலைமாட்டிலிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"விடுங்கண்ணே. முடிக்கட்டும்."

முடித்தேன். ஒரு சொல் விடவில்லை. பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த சன்னாசி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். யாரும் சிரிக்கவில்லை.

இன்று அந்தப் பொட்டலில் வேன்களையும் ஆட்டோக்களையும் நிறுத்துகிறார்கள். லயத்துக் கூரைக்குக் கூரை தட்டு வைத்து டிவி ஓடுகிறது. சாவு விழுந்தால் எவரோ பாடிவைத்த ஒப்பாரியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பெண்கள் சும்மா இருக்கிறார்கள். எனக்கும் அதைத்தான் போடுவார்கள், போடட்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டி இதை எழுதி முடிக்க இத்தனை நாளாயிற்று. அப்பாவின் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை எனக்கு அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தில் அந்தப் பெண் எதற்காக அழுதாள் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வந்து சொல்லு என்று அனுப்பியவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.