கால் நிமிஷத்துக்கு முப்பத்தேழு

சைக்கிள் மணி ஒரு தடவை ஒலித்ததும் முன்னால் ஓடிக்கொண்டிருந்த மனிதர் நிற்கிறார். திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் பின்னால் நீட்டுகிறார். ஞானபூரணி ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமலே அந்த மணிக்கட்டைப் பிடிக்கிறாள். வெள்ளைச் சேலையின் மார்பில் குத்தியிருக்கும் கடிகாரத்தில் வினாடி முள் கால் வட்டம் சுற்றி முடிக்கும்வரை துடிப்பை எண்ணுகிறாள்.

"முப்பத்தஞ்சு. போங்க."

அவர் மறுபடி ஓடுகிறார். இவள் மறுபடி மிதிக்கிறாள். நாரணாபுரம் சாலையில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இது தினசரிக் காட்சி. தூக்குச்சட்டியோடு சைக்கிளில் எதிரே வரும் சோணைமுத்து மட்டும் ஒரு நாளும் சும்மா போகமாட்டான்.

"நர்சம்மா, மாஸ்டர எங்கன பத்திக்கிட்டுப் போறீக?"

"சந்தைக்குத்தான். நல்ல வெல வந்தாக் குடுத்திருவேன்."

"பல்லு எத்தனைன்னு பாத்துட்டுல்ல வெல சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே அவன் கடந்துவிடுவான்.

ஓடுகிறவர் அவள் கணவர் ஜேசுதாசன், சிவகாசி மிஷன் பள்ளியின் டிரில் மாஸ்டர். வயது நாற்பத்தாறு. அவளுக்கு நாற்பத்தொன்று, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு. கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கப் போவதற்காக ஆஸ்பத்திரி கொடுத்த சைக்கிள்தான் காலையில் கணவருக்குப் பின்னாலும் ஓடுகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் மாஸ்டர் டைபாய்டு வந்து நாற்பது நாள் கிடந்தார். காய்ச்சல் போனது, இதயத்தை வலுவிழக்கச் செய்துவிட்டுப் போனது. ஓட்டமே உயிராக இருந்த மனிதர் ஆறு மாதம் வாசற்படியைத் தாண்டவில்லை. பிறகு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அனுமதி தந்தார், ஒரு நிபந்தனையோடு. எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாடி நிமிஷத்துக்கு நூற்றைம்பதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நின்றுவிட வேண்டும். "நிற்காமல் ஓடினால் அப்புறம் என்னிடம் வந்து பயனில்லை" என்று அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

நூற்றைம்பதை அவள் நாலால் வகுத்தாள். கால் நிமிஷத்துக்கு முப்பத்தேழு. முப்பத்தெட்டு என்றால் எல்லை தாண்டியாயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் முப்பத்தேழு என்பது வெறும் எண்ணாக இல்லை. விடிந்ததும், அவர் படுக்கையை விட்டு எழுமுன்பே, நாடி பார்த்துவிடுவாள். நிமிஷத்துக்கு வழக்கமான அறுபத்துநாலுக்கு மேல் பத்து கூடியிருந்தால் கான்வாஸ் ஷூ டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும்.

முதலில் மைல் கல்லுக்கு மைல் கல் நிறுத்தி எண்ணினாள். ஒரு வாரம் முப்பத்துநாலைத் தாண்டவே இல்லை. வேறொருத்தியாக இருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். இவள் சந்தேகப்பட்டாள். மைல் கல் கண்ணில் பட்டதுமே மாஸ்டர் நூறு கஜத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார் என்பது தெரிந்தது. மறுநாளிலிருந்து மணி எங்கே வேண்டுமானாலும் ஒலித்தது, பாலத்தில், மேட்டில், ஒரு தடவை ஆட்டு மந்தை நடுவில்கூட. நின்று ஐந்து வினாடிக்குள் விரல் நாடியில் இருக்க வேண்டும் என்பதும் அவள் சட்டம்.

"ஆற அமர எண்ணுனா அது ஓடுன கணக்கில்ல, நின்ன கணக்கு" என்பாள்.

இந்தப் பழக்கம் அவள் விரல்களை விட்டு எங்கும் போவதில்லை. யாரையாவது நலம் விசாரித்தாலே கை தானாக மணிக்கட்டுக்குப் போய்விடும். வெள்ளரிக்காய் விற்கும் வள்ளித்தாய் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "என்ன நர்சம்மா, வெல கேக்கையிலயும் நாடி பாக்கீக. நான் பொய் சொன்னா அதுல தெரிஞ்சிருமா?"

"இப்பத் தெரியுதே" என்றாள் ஞானபூரணி. அன்று இரண்டு காய் கூடுதலாகக் கிடைத்தது.

போன வருஷக் கடைசியில் மாஸ்டர் ஒரு பேச்சை எடுத்தார். ஜனவரியில் விருதுநகரில் ஜில்லா ஆசிரியர்களின் விளையாட்டுப் போட்டி. ஒரு மைல் ஓட்டத்தில் காய்ச்சலுக்கு முன்பு இரண்டு தடவை ஜெயித்திருந்தார். இன்னொரு தடவை ஜெயித்தால் கோப்பை பள்ளிக்கே சொந்தம். தலைமையாசிரியர் அலமாரியில் அதற்கு இடம்கூட ஒழித்து வைத்துவிட்டாராம்.

அவள் தடுக்கவில்லை. தடுத்தால் மனிதர் மறுபடி வாசற்படிக்குள் உட்கார்ந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பந்தயத்தில் சைக்கிள் கூட வராது, மணி ஒலிக்காது. ஓடுகிறவருக்குத் தன் நாடி எப்படித் தெரியும்? பத்து நாள் யோசித்து, கவனித்து, ஒன்று கண்டுபிடித்தாள். முப்பத்தேழில் இருக்கும்போது அவரால் ஐந்து வார்த்தையை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. நாற்பதுக்குப் போனால் இரண்டாவது வார்த்தையிலேயே மூச்சு முறிகிறது.

"பேசிக்கிட்டே ஓடுங்க."

"என்னத்தப் பேச?"

"என்னத்தயாவது பேசுங்க. பேச்சு எங்கன முறியுதுன்னு பாக்கணும்."

பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் 'ம்', 'ம்ஹூம்' என்ற இரண்டு சொற்களால் குடும்பம் நடத்தியவர் ஜேசுதாசன். சாலையில் அவர் பேச ஆரம்பித்தார். சிறு வயதில் கப்பல் வேலைக்குப் போக ஆசைப்பட்டதைச் சொன்னார். முதல் குழந்தை தங்காமல் போன அன்று ஆஸ்பத்திரிக்கு வராமல் ரயில் தண்டவாளத்தோரமாக ஊர் எல்லைவரை நடந்துபோனதைச் சொன்னார். பின்னால் கொஞ்ச தூரம் மிதிக்கும் சத்தம் கேட்கவில்லை. அதன்பின் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு தமக்குப் பிடிக்காது என்றும் சொன்னார்.

"பத்தொம்பது வருசமாத் தின்னீகளே."

"சொல்ல வாய்க்கல."

மணி ஒலித்தது. கை நீண்டது. "முப்பத்தாறு. போங்க" என்றாள்.

போட்டிக்கு முந்தின நாள் அவர் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "அம்புட்டுப் பேரு முன்னால உள்ள வந்து என் கையப் பிடிச்சி நிறுத்திராத, பூரணி."

"நான் நிறுத்த மாட்டேன். நீங்களே நிக்கணும்."

மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். அவள் வளைவில், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றாள். ஒவ்வொரு சுற்றிலும் அவளைக் கடக்கும்போது ஒரு முழு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவதாக ஒப்பந்தம்.

முதல் சுற்றில் சொன்னார்: "பூரணி, இன்னைக்கி வெயிலு அம்புட்டு உறைக்கல." இரண்டாவது சுற்றில், அரையடி பின்னால் வந்த இளம் வாத்தியார் சண்முகவேலைப் பற்றி: "இந்தச் சின்னப்பய நல்லாத்தான் ஓடுதான், பூரணி." மூன்றாவது சுற்று முடியும்போது மாஸ்டர் பத்து கஜம் முன்னால் இருந்தார். பள்ளி வாத்தியார்கள் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். கைதட்டல் கடலாகக் கேட்டது.

வளைவுக்கு வந்தார். வாய் திறந்தது.

"பூரணி, நா..."

அதற்கு மேல் மூச்சுத்தான் வந்தது. அவளைக் கடந்து ஓடினார். அவள் கால் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிவிட்டது, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கூப்பிட வந்த வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். அவர் இன்னும் முப்பது கஜம் ஓடினார், நாற்பது ஓடினார். பிறகு கைகள் தொங்கின. ஓட்டம் நடையாயிற்று. சண்முகவேல் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போனான். பின்னாலேயே இன்னும் நாலு பேர் போனார்கள்.

"என்ன மாஸ்டர், கல்யாண ஊர்வலமா?" என்று ஒருவன் கத்தினான். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு வாத்தியார் சம்சாரம், "முடியலேன்னா வீட்டுல இருக்கலாம்ல" என்றாள்.

"நின்னுட்டாரு" என்றாள் ஞானபூரணி. "பாத்தீகளா, நின்னுட்டாரு."

கடைசிச் சுற்றையும் அவர் நடந்தே முடித்தார். வேகமாக ஓடியபின் சட்டென்று உட்காரக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் வந்து சேர்வதற்குள் சண்முகவேல் கழுத்தில் மாலை விழுந்து, கூட்டம் அந்தப் பக்கம் போயிருந்தது. யாரையும் பார்க்காமல் ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"குனியாதீக. தல சுத்தும்."

ஜில்லாவின் தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் இருந்த அந்த மைதானத்தில் அவள் கரிசல் மண்ணில் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள். ஒரு காலைத் தூக்கிய மாஸ்டர் கொஞ்சம் தள்ளாடினார். தள்ளாடியவர், விழாமல் இருக்கத் தன் உள்ளங்கையை அவள் தலைமேல் வைத்து நன்றாக ஊன்றிக்கொண்டார்.